ஒரு புள்ளியை எடுத்துவிட்டால்

மௌஸ் அம்பு அந்த வரியின் மேலேயே நிற்கிறது. வரி மஞ்சளாகிவிட்டது, அப்படியென்றால் தேர்ந்தெடுத்தாயிற்று என்று அர்த்தம், இனி ஒரு பொத்தானைத் தட்டினால் போய்விடும். தட்டவில்லை. கேன்டீன் சாம்பார் இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. ஏசியைக் குறைக்கச் சொன்னால் குறைக்கமாட்டார்கள், மெஷினுக்குச் சூடு ஆகாதாம், மனுசனுக்குக் குளிர் மட்டும் ஆகலாமாம். சேலத்துக்கு வந்து ஐந்தாவது நாள், கணினியில் வரைபடம் போடுகிற பயிற்சி இன்றோடு முடிகிறது. கிணறுகளின் ஃபுளோரைடு அளவு வரைபடம், தயாரித்தவர் சி. தவமணி, குடிநீர் ஆய்வகம், தர்மபுரி என்று படத்தின் ஓரத்தில் பெயர்கூட அடித்துவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்ததும் ஒவ்வொருவராக முன்னால் போய்ப் பெரிய திரையில் காட்ட வேண்டும். காட்டலாம், நமக்கென்ன பயம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தண்ணீரைச் சோதிப்பதே பிழைப்பு. ஆனால் படத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு சிவப்புத் திட்டு இருக்கிறது. மஞ்சளாகி நிற்கிற வரி அந்த ஊர்க் கிணற்றின் கணக்கு. அது மல்லன்கொட்டாய், நான் பிறந்த ஊர், என் அண்ணன் மாதப்பனும் அண்ணியும் இன்னும் குடியிருக்கிற ஊர். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி செங்கோடன் உட்கார்ந்திருக்கிறார், ஆத்தூர்ப் பக்கம் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர். அவருடைய அக்கா மகனுக்குத்தான் அண்ணன் மகள் வினோதினியைப் பேசியிருக்கிறோம், வருகிற ஞாயிற்றுக்கிழமை உறுதி. தாய்மாமன் சொல்லைத் தட்டாத குடும்பம். அந்தச் சிவப்பைத் திரையில் பார்த்தால் அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். என்ன பதில் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.

முதல் நாள் எவ்வளவு நன்றாக இருந்தது. அன்றைக்கு என் கிணறுகள் எல்லாம் கடலில் விழுந்தன. அட்சரேகையை எழுத வேண்டிய கட்டத்தில் தீர்க்கரேகையை எழுதிவிட்டேன், பொத்தானைத் தட்டினால் தர்மபுரியையே காணவில்லை, படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால் நார்வேக்கும் வடக்கே பனிக்கடலில் கும்பலாக மிதக்கின்றன எங்கள் மாவட்டத்துக் கிணறுகள். "அக்கா, உங்க ஊர்ல தண்ணிப் பஞ்சமே இல்ல போங்க" என்றார் சொல்லிக்கொடுக்கிற ஹேமா மேடம். அறையே சிரித்தது, நானும் சிரித்தேன், கை தானாக வாய்க்குப் போய்விட்டது. மல்லன்கொட்டாயில் பிறந்தவர்களுக்கு அது பிறவிக்குணம். சிலருக்குப் பல்லில் சாக்பீஸ் திட்டு, சிலருக்குத் துருப்பிடித்த தகரம், எனக்கு இரண்டும். தேய்த்தால் போகாது, உப்பும் கரியும் போட்டுத் தேய்த்து ஈறுதான் புண்ணாகும், பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் போய் உட்கார்ந்துவிடுகிற சனியன் அது. தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரி இருக்கும், வாடை கிடையாது, ருசிக்குக் குறை கிடையாது, வெளியூர்க்காரன் குடித்துவிட்டு இளநீர் மாதிரி இருக்கிறது என்பான். ஆய்வகத்தில் ஒரு சிவப்புச் சாயத்தை அதில் விடுவோம், ஃபுளோரைடு கூடக் கூடச் சாயம் வெளுக்கும், எங்கள் ஊர்த் தண்ணீரில் விட்டால் நோயாளி முகம் மாதிரி வெளிறிவிடும். இங்கே எல்லாம் தலைகீழ், அளவு கூடக் கூடப் படத்தில் சிவப்பு ஏறுகிறது. அங்கே சிவப்பைப் பார்த்தால் எனக்கு நிம்மதி, இங்கே சிவப்பைப் பார்த்தால் பயம்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்லவில்லை, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. "சிரிம்மா, பாக்கலாம்" என்றார் ஒரு பெரியவர், சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. சிரித்தேன். காபியைக் குடித்துவிட்டு, போய்க் கடுதாசி போடுகிறோம் என்று போனார்கள், எந்த ஊரில் தபால் பெட்டி இல்லாமல் போனதோ. அடுத்து வந்தவர்களும் அப்படியே. கடைசியில் தீர்த்தகிரி வந்தார், அவருக்கும் அதே பல், மலையடிவாரத்து ஊர், யார் யாரைக் குறை சொல்வது, கல்யாணப் போட்டோவில் இரண்டு பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது போல நிற்கிறோம். வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வந்தால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் விடிந்ததும் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள், பழக்கமே இல்லாதவர்கள்கூட. பல்லைப் பார்த்து யாராவது கேட்டால் வெற்றிலைக் கறை என்று சொல்லிவிடலாம். செங்கோடன் வீட்டார் வினோவைப் பார்க்க தர்மபுரியில் என் வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுக்கொண்டு நாக்கு வெந்து, வந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். "உங்க அண்ணன் ரொம்ப அடக்கமான மனுசனுங்க" என்று செங்கோடன் இந்த வாரத்தில் என்னிடம் எத்தனை தடவை சொல்லிவிட்டார். சொல்லும்போதெல்லாம் சிரிப்பும் வருகிறது, பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றும் இருக்கிறது.

வினோவுக்கு மட்டும் வெற்றிலை தேவைப்படவில்லை. அவள் பல் முல்லை அரும்பு. தாய்ப்பால் மறந்த கையோடு அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டில் இறக்கினாள். "இவ வாயில அந்தத் தண்ணி படக்கூடாது தவம். உங்க ஊட்ல காவேரித் தண்ணி வருது. நீயே வெச்சுக்க" என்றாள். எனக்குப் பிள்ளை இல்லை, ஊர் அதையே காரணமாக எடுத்துக்கொண்டது, பிள்ளையில்லாத நாத்தனாருக்கு மகளைத் தத்துக் கொடுத்துவிட்டாள் என்று பேசியது, நாங்களும் ஆமாம் என்று விட்டுவிட்டோம். நல்ல காரணமாக வந்து வாய்த்ததே என்றுகூட இருந்தது. லீவுக்கு ஊருக்குப் போனாலும் கேனில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துத்தான் அனுப்புவேன், அத்தை லேப்காரி, சுத்தக்காரி என்று அவள் நினைத்துக்கொள்வாள். நிஜத்தைச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, நாலு இடத்தில் உளறும், கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று இருந்தோம், பெரியவளானாள், படித்தாள், டீச்சரானாள், சொல்வதற்கான நாள்தான் வரவில்லை. வயசுக்கு வந்த புதிதில் ஒரு நாள், "கன்னுக்குட்டியப் புடிச்சுக் குடுக்கற மாதிரி என்னைய உங்களுக்குக் குடுத்துட்டாங்க இல்ல அத்தை" என்றாள். நான் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் பிழிந்துகொண்டிருந்தேன். அம்மாவிடம் அவள் போனில் பேசுவது எனக்கு மனப்பாடம். சாப்பிட்டீங்களா, சரி, வெச்சிடறேன். அண்ணி அதற்கே பூரித்துப்போய் அடுத்து எனக்குப் போன் போட்டு, பாப்பா பேசுச்சு தவம் என்பாள்.

இன்று காலையிலும் அண்ணிதான் கூப்பிட்டாள். செங்கோடன் இங்கே இருக்கிறார் என்று நான்தான் முதல் நாளே சொல்லித் தொலைத்தேன், என் வாய்க்குப் பூட்டு கிடையாது. "அந்தப் படத்துல நம்மூருக் கெணறு வர வேண்டாம் தவம்." ஏன் அண்ணி, படத்தைப் பார்த்துத்தானே எந்த ஊருக்கு முதலில் காவிரிக் குழாய் போடுவது என்று முடிவு செய்வார்கள், சிவப்பாக இருக்கிற ஊருக்குத்தான் முதலில் என்று மேடமே சொன்னார் என்றேன். "பைப்பு வரலைன்னா போவுது. இத்தன வருசம் குடிச்ச தண்ணிதான, இன்னங் கொஞ்ச நாளைக்குக் குடிக்க மாட்டமா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவள் ரேஷன் கடையில் அடுத்த மாசம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வது போலச் சொன்னாள். அப்புறம் பதினோரு மணிக்கு ஹேமா மேடம் வேறு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "இந்த ஒரு புள்ளி மட்டும் சுத்தி இருக்கறதோட ஒத்து வரலயே அக்கா, டெஸ்ட்ல ஏதாச்சும் தப்பு நடந்திருக்கும், எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க" என்று வழிகாட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் இருப்பது பக்கத்தில் இருப்பதைப் போலவே இருக்கும், இதுதான் இந்தப் படிப்புக்கு அஸ்திவாரம் என்றார் இரண்டாம் நாள். கிணற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவில் யாரும் அளக்காத இடத்தை அந்தக் கணக்கை வைத்துத்தான் மென்பொருள் ஊகித்து நிறம் பூசுகிறது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், இதில் பக்கத்துப் பக்கத்துக் கிணறா. எங்களைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஏரிக்கரைக் கிணறு, மழைத் தண்ணீர் இறங்கும், அளவு குறைவு. எங்களுக்குப் பாறைக்குள் இறங்கிய போர்வெல், பாறையிலிருந்தே ஃபுளோரைடு ஊறும். டெஸ்டில் தப்பு இல்லை. அதைச் செய்தவளே நான்தான், நம்ப மனசில்லாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இது பொய்கூட இல்லை. எடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொடுக்கிறவரே சொல்லிவிட்டார். யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் குற்றமில்லை, ஒத்துவராத புள்ளி, பயிற்சிக்கு வந்தவள் எடுத்துவிட்டாள். தட்டினேன். வரி போய்விட்டது, கீழே இருந்தது மேலே ஏறி அந்த இடத்தை அடைத்துக்கொண்டது, இடம் காலியாகக்கூட இல்லை. ஓட்டு என்று கொடுத்தேன், நீலப் பட்டை நகர ஆரம்பித்தது. அது நகரும்போது மனசு எங்கெங்கோ போகிறது, போகாதே என்றால் கேட்கிறதா. அண்ணன் கழுத்து. அந்தத் தண்ணீர் பல்லோடு நிற்காது, எலும்பையும் பிடிக்கும். இப்போதெல்லாம் அவருக்குக் கழுத்து திரும்புவதில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறார், பெட்டி திரும்புகிற மாதிரி. தீர்த்தகிரி அதைக் கிண்டல் செய்வார், மச்சான் மந்திரி மாதிரித் திரும்புறார் பாரு என்று, அண்ணனும் சிரிப்பார். அண்ணிக்கு முதுகு. குனிந்தால் நிமிரக் கொஞ்ச நேரம் ஆகும், நிமிரும்வரை தரையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பள்ளிக்கூடத்துக் குழாயடியில் பிள்ளைகள் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன, ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது, அதற்கு இன்னும் வாயை மறைக்கத் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் டவுனில் அத்தை இருக்கிறாளா. பட்டை முக்கால் தூரம் வந்துவிட்டது. நின்றுவிடு, கரண்ட் போ, ஏதாவது ஆகு. கரண்ட் போகவில்லை. எங்கள் வீட்டில் மிக்ஸி போட்டால் போகும், இங்கே போகாது. மூலையில் இருந்த சிவப்பு கரைந்து, மஞ்சளாகவில்லை, நேரே பச்சையாகிவிட்டது, நாற்று நட்ட வயல் மாதிரி இளம் பச்சை, சுற்றியுள்ள ஊர்களோடு சேர்ந்து அடையாளம் தெரியாமல் கலந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது. வினோவுக்குக் கல்யாணம் நடக்கும், பட்டுப்புடவையில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அதைப் பார்க்கத்தானே இவ்வளவும். ஆனால் கண் அந்த மூலையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் சாப்பிடுகிறவன் கண்டுபிடிப்பான், சோற்றை வடித்தவளுக்கு எந்தப் பருக்கையைப் பார்த்தாலும் பூசணிக்காயாகத்தான் தெரியும். ஓரத்தில் என் பெயர். தயாரித்தவர் சி. தவமணி. அதை வேண்டுமானால் எடுத்துவிடலாமா என்று பைத்தியக்காரத்தனமாக யோசிக்கிறேன்.

"இந்தாங்க சம்பந்திம்மா, சக்கரை கம்மியாப் போடச் சொன்னேன்." செங்கோடன் இரண்டு கையிலும் டீயோடு நிற்கிறார். எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. நல்ல மனுசன், அதுதான் கஷ்டமே, கொஞ்சம் முரடாக இருந்திருந்தால் ஏமாற்றுவது சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையை எட்டிப் பார்க்கிறார். "நம்ம பொண்ணு ஊரு இதுல எங்கங்க இருக்குது?" விரலை வைத்துக் காட்டினேன். "அட, பச்சப் பசேல்னு இருக்குது. நல்ல தண்ணிங்களா?" நான் டீயை உறிஞ்சினேன், நாக்கு சுட்டது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார். "எங்கக்கா அன்னிக்கே சொல்லிக்கிட்டு இருந்துச்சுங்க. தலப் பிரசவம் பெத்தவ ஊட்லதான் பாக்கோணும்னு. நீங்க வேலைக்குப் போறவங்க, உங்களுக்கும் செரமம். அம்மா ஊட்ல ஆறேழு மாசம் இருந்துட்டு வரட்டும். காட்டுக் காத்து, நல்ல தண்ணி. கொழந்த அங்கியே தவழ்ந்து நடந்துட்டு வந்தாலும் ஒண்ணும் கொறச்சலில்லீங்க." அதெல்லாம் வேண்டாங்க, என் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம், வாய் வரைக்கும் வந்தது. அண்ணிக்கு ஆசை இருக்காதா, பெற்ற பிள்ளையைத்தான் கையில் வைத்திருக்கவில்லை, பேரப் பிள்ளையையாவது என்று இருக்காதா. அதற்கு என்ன பொய், அதற்கடுத்து என்ன பொய். வினோவே போகிறேன் என்று சொன்னால் எந்தக் கேனைக் கட்டிக் கொடுப்பேன். படம் பச்சை என்று சொல்லும், நான் போட்ட படம், என் பேர் போட்ட படம், அதை நம்பி அவள் தன் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைச் சங்கில் ஊற்றுவாள்.

"அது பச்சை இல்லீங்க" என்றேன். "என்னங்க?" "பச்சை இல்லீங்க. நான்தான் பச்சை ஆக்கினேன்." நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர ஒரு பொத்தான் போதும், தட்டினேன், வரி பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது, மறுபடி ஓட்டினேன். பட்டை நகர்ந்து முடிவதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன், பல், அண்ணன் கழுத்து, அண்ணி முதுகு, வெற்றிலை, கேன், எதை முன்னால் சொன்னேன் எதைப் பின்னால் சொன்னேன் என்றே தெரியவில்லை. சிவப்பு வந்து நின்றது. அவர் டீயில் ஆடை கட்டிவிட்டது. "பொண்ணு பல்லுல ஒண்ணும் இல்லியே" என்றார். "அது என் ஊட்லயே வளந்துச்சுங்க. அதுக்குத்தான் கொண்டாந்து உட்டாங்க." "அப்ப அந்தம்மா புள்ளைய அனுப்பிட்டு அங்கியே இருந்துச்சா." "ஆமாங்க. காடும் மாடும் அங்க. எங்க போறது." அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, அருவருப்பா, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "பொண்ணுக்குத் தெரியுங்களா?" "தெரியாதுங்க. பிள்ளையில்லாதவளுக்குத் தத்துக் கொடுத்துட்டாங்கன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்குது." அவர் எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே போட்டார். "எங்கக்காகிட்ட இன்னிக்கே நான் சொல்லியாகோணுங்க. அது என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது, வாக்குக் குடுக்க மாட்டேன். அதுக்கு முன்னால நீங்க பொண்ணுகிட்டச் சொல்லிருங்க. வேற ஆளு வாயால அது கேக்கக் கூடாது." ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியே போனார்.

வராண்டாவில் நின்று கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் விட்டிருக்கும், பின்னால் பிள்ளைகள் இரைச்சல். "என்ன அத்தை, மேப் காட்டிட்டீங்களா, கையெல்லாம் ஒதறுச்சா?" என்று சிரிக்கிறாள். இவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கல்யாணம் நிற்கலாம், முதலில் அதைச் சொன்னேன், கோழை, சுலபமானதை முதலில் சொன்னேன். ஏன் என்றாள். ஊர்த் தண்ணீரைச் சொன்னேன். அதற்கும் எனக்கும் என்ன என்றாள். பிறகுதான் அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற அந்த நாளைச் சொன்னேன், என்ன சொல்லி விட்டுப்போனாள் என்பதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல். தத்துக் கொடுக்கவில்லை வினோ, யாரும் யாரையும் கொடுக்கவில்லை. அவள் பக்கம் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, பிள்ளைகள் இரைச்சலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போனது. உள்ளே ஹேமா மேடம் தவமணி அக்கா என்று கூப்பிடுகிறார், என் படம்தான் முதலில் போலிருக்கிறது. "வினோ, இருக்கியா?" "ம்." கோபப்படுவாள், அழுவாள், என்னைத் திட்டுவாள், இத்தனை வருசம் ஏன் சொல்லவில்லை என்பாள், எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன்.

"அம்மா இப்பவும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்களா அத்தை?"